கத்தி படாத முடி

வேலாயி அக்கா ஜப்பான் பங்களாவுக்கு வேலை கேட்டு வந்த அன்று, மகளைவிட மகளின் தலைமுடியைத்தான் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடை மழை. இருந்த ஒரே கம்பளியைப் பிள்ளையின் தோளில் போர்த்தாமல் தலையில் சுற்றிவிட்டிருந்தாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பின்னல் முழங்காலைத் தொட்டது. அதன் நுனியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

"புள்ள வெடவெடன்னு நடுங்குது, அந்தக் கம்பளிய ஒழுங்காப் போர்த்திவிடுங்களேன்" என்று நான் ஓர் அதட்டல் போட்டேன்.

"ஒடம்பு நனஞ்சா காஞ்சிரும் தாயி. முடி நம்மளது இல்ல, சாமியோடது" என்றாள் வேலாயி அக்கா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இது நடந்தது 1959இல். நான் அப்போது அந்த நிலையத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அங்கேதான் டைப் அடிக்கிறேன்.

ஜப்பான் பங்களா என்பது ஹட்டன் சனங்கள் வைத்த பெயர். பலகையில் இருந்த பெயர் நீளமானது: ஜப்பானியக் கலைக்கும் சர்வதேசப் பரிமாற்றத்துக்குமான நிலையம். அதைத் தமிழில் சொல்வது நான் மட்டும்தான். பலகையில் சிங்களம் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, ஜப்பான் எழுத்து இருந்தது. தமிழ் இல்லை. சுற்றியுள்ள மலை முழுக்கத் தமிழ் பேசுகிற சனம்; ஜப்பான்காரர் எத்தனை பேர் ஹட்டனுக்கு ரயிலேறி வந்து இந்தப் பலகையைப் படிக்கப் போகிறார்கள் என்று நான் கேட்டேன். நிலையத்தை நடத்திய ஞானரட்ணம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சிசிலி, கொஞ்சம் வாய வச்சிக்கிட்டு சும்மா இரும்மா" என்றார். அவர் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருப்பதற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியாதவர்.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிவிட்டுப் போன பங்களா அது. ஜப்பானோடு வியாபாரம் செய்த கொழும்பு முதலாளி ஒருவர் அதை வாங்கி, சுவர் முழுக்க அந்த நாட்டுப் படங்களை மாட்டி, மூங்கில் வரையவும் தூரிகையால் எழுதவும் வகுப்பு வைத்தார். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஹயாஷி அம்மா. ஐம்பது வயது, கணவரைப் போரில் இழந்தவர், தூரிகை செய்கிற ஊரில் பிறந்தவர். அவர் இங்கிலீஷில் பேசுவார், நான் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லுவேன். மண்டபத்தின் நடுச்சுவரில் 'கலைக்கு எல்லை இல்லை' என்று மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அதிலும் தமிழ் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேலாயி அக்காவைக் கூட்டிப் பெருக்கவும் தண்ணீர் சுமக்கவும் வைத்துக்கொண்டார்கள். பின்னால் இருந்த வேலைக்காரர் அறையில் தாயும் மகள் வீரம்மாவும் இருந்தார்கள். மழை நாட்களில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அந்த அறைக்குப் போய் அடுப்போரம் குந்திக்கொள்வேன். அந்த முடியின் கதையை வேலாயி அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது அங்கேதான்.

அவள் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள். அவளுடைய அம்மா பிறந்ததும் அதே லயத்தில்தான். புருஷன் அழகுமுத்து அடுத்த லயம். முதல் இரண்டு பிள்ளைகளும் பால்குடி மறக்கு முன்பே போய்விட்டன. கொழுந்து மலைக்குக் கீழே ஆற்றோரம் புதைத்தார்கள். 1947இல் மூன்றாவதாக வீரம்மா பிறந்தபோது, இந்தப் பிள்ளையாவது தங்கினால் அதன் முதல் முடியை இந்தியாவுக்குக் கொண்டுபோய்க் குலசாமியின் வாசலில் இறக்குவதாக அழகுமுத்து நேர்ந்துகொண்டார். துறையூர்ப் பக்கம் எங்கோ இருக்கிற கருப்பசாமி அது. அவர் பார்த்ததில்லை. அவருடைய அப்பா சொல்லிக் கேட்டதுதான்.

பிள்ளை தங்கியது. ஆனால் முடி இறக்கும் வயசு வந்தபோது நாடு மாறிவிட்டது. 1948இல் இலங்கையில் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் சனங்களின் பிரஜாவுரிமையைப் பறித்துக்கொண்டது. இந்தியாவுக்குப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. "மனுப் போடுவோம். கடதாசி கையில வந்ததும் போவோம். போனா திரும்பி வரணும்ல" என்றார் அழகுமுத்து. அதுவரை கத்தி படக்கூடாது. பிள்ளையின் முடியில் ஒரு நுனிகூட வெட்டுப்படாமல் வேலாயி அக்கா வளர்த்தாள். வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகுமுன் விடியலில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டுத்தான் கூடையை எடுப்பாள்.

மனுவை விசாரிக்க 1954இல் கூப்பிட்டார்கள். அழகுமுத்து கேட்டதற்கெல்லாம் படித்து வைத்தது போலப் பதில் சொன்னார். எல்லாம் ஒழுங்காக முடிந்து, விசாரித்த அதிகாரி பேனாவை மூடிவிட்டார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவர் என்றால் இவர்கள் ஜாக்கிரதையாக இருந்திருப்பார்கள். அவர் பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, தன் மகளுக்கும் இதே வயசு என்றும், இவ்வளவு நீள முடி எப்படி வளர்ந்தது என்றும் கேட்டிருக்கிறார். மொழிபெயர்த்தவர் அதைத் தமிழில் சொன்னார். பெத்தவளுக்குப் பிள்ளையைப் புகழ்ந்தால் போதாதா?

"ஐயா, இது எங்க கொலசாமி முடிங்க. ஒரு தடவகூட கத்தி படலீங்க. எங்க சாமி இந்தியாவுல இருக்குங்க. நீங்க கடதாசியக் குடுத்தீங்கன்னா, ஒரு எட்டு போயி எறக்கிட்டு வந்துருவோங்க" என்று வேலாயி அக்கா வாய் நிறையச் சொல்லிவிட்டாள்.

அதிகாரி பேனாவைத் திரும்பத் திறந்தார்.

சில மாதம் கழித்து மறுப்பு வந்தது. மனுதாரரின் மனம் இந்தியாவில் இருக்கிறது. நிரந்தரமாக இங்கே வாழும் எண்ணம் இல்லை. அவள் போவதையும் சொன்னாள், வருவதையும் சொன்னாள். அவர் போவதை மட்டும் எழுதிக்கொண்டார். அட, சாமி அங்கே இருந்தால் ஆளும் அங்கேதான் இருக்க வேண்டுமா? நான் கும்பிடுகிற மரிய மாதா எந்த நாட்டில் பிறந்தாள், நான் எந்த நாட்டில் இருக்கிறேன்? எனக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி உண்டு. என் அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். விசாரணையில் எதைப் பேசக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் வேலாயி அக்காவுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

"எங்க வீட்டுக்காரரு ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் தாயி. 'ஒன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம் வேலாயி'ன்னு ஒரே ஒரு தடவ சொன்னாரு. அதுக்கப்புறம் அதப் பத்திப் பேசவே இல்ல. அப்பிடியே போயி சேந்துட்டாரு" என்பாள். 1958இல் மார்ச்சளி வந்து அழகுமுத்து செத்துப்போனார். மறு வருஷம் அவள் மகளோடு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

வீரம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வகுப்புக்கு மை அரைத்துக் கொடுப்பாள். கருப்பு மைக்கட்டியைத் தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்ப்பது சலிப்பு பிடித்த வேலை. துரைசாணிமாரும் கடை முதலாளிகளின் மகள்மாரும் கொஞ்ச நேரத்திலேயே கையை உதறிவிடுவார்கள். அவள் உதறமாட்டாள். ஹயாஷி அம்மா ஒருநாள் அவளையும் உட்காரச் சொல்லித் தூரிகையைக் கொடுத்தார். பிறவி மேதை என்றெல்லாம் நான் கதை விடப்போவதில்லை. முதல் வருஷம் அவள் வரைந்த மூங்கில் விளக்குமாறு மாதிரி இருந்தது, அதை அவளிடமே சொன்னேன். "அப்ப கூட்டிப் பாருங்களேன் சிசிலி அக்கா" என்றாள் குறும்பாக. நாலு வருஷத்தில் அது மூங்கிலானது. பிறகு அதில் காற்றும் அடிக்கத் தொடங்கியது.

1963இல் பரிமாற்றத் திட்டம் வந்தது. அங்கேயிருந்து ஒருவர் இங்கே வருவார், இங்கேயிருந்து ஒருவர் அங்கே போய் ஒரு வருஷம் ஓவியம் படிக்கலாம். யார் என்று ஞானரட்ணம் ஐயா கேட்டபோது ஹயாஷி அம்மா யோசிக்கவே இல்லை. வீரம்மா என்றார்.

நான் ஓடிப்போய் வேலாயி அக்காவிடம் சொன்னேன். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள், நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம் புள்ளயா? கப்பல்லயா?"

"கப்பல்லதான். ராணி மாதிரி போகப்போறா."

"அங்க குளிருமா தாயி?"

"நம்ம நுவரெலியாவே பிச்ச வாங்கணும்."

அவள் பல் தெரியச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். அன்றைக்கே புருஷனின் பழைய கறுப்புக் கோட்டைப் பிரித்து மகளின் அளவுக்குத் தைக்கத் தொடங்கினாள்.

கடவுச்சீட்டு வாங்க ஞானரட்ணம் ஐயாவும் நானும் வீரம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். பிள்ளை இங்கே பிறந்ததற்குப் பதிவு இருக்கிறது, சரி, தகப்பன் இங்கே பிறந்ததற்குப் பதிவு எங்கே என்றார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்த அழகுமுத்துவை அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்? மனுப் போட்டு வாங்கிய பிரஜாவுரிமையாவது இருக்கிறதா என்றார்கள். அதுதான் மறுக்கப்பட்டதே. அப்படியானால் இவர் இந்த நாட்டவர் இல்லை, இந்தியாவிடம் கேளுங்கள் என்று சொல்லி, மேசைக்குப் பின்னால் இருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கேட்டோம். இந்தியப் பக்கத்து அலுவலகத்தில் நாற்காலி போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, மரியாதையாகப் பேசினார்கள். எந்த ஊர்? துறையூர்ப் பக்கம். அங்கே சொந்தக்காரர் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. நிலம், வீடு? இல்லை.

"அங்கே உங்களை யாருக்காவது தெரியுமா அம்மா?" என்று அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

வீரம்மா, "எங்க சாமிக்குத் தெரியுங்க" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். சாமியின் சாட்சி எந்த அலுவலகத்திலும் செல்லாது.

அந்த இடம் கொழும்பு முதலாளியின் சினேகிதர் ஒருவரின் மகளுக்குப் போனது. அந்தப் பெண் அங்கே போய்ப் பூப்போட்ட கிமோனோ உடுத்திப் படம் எடுத்து அனுப்பினாள். 'கலைக்கு எல்லை இல்லை' என்பதற்குக் கீழே அதை மாட்டச் சொன்னார் ஞானரட்ணம் ஐயா. "என் கையால மாட்ட மாட்டேன், வேணும்னா வேலையவிட்டு நிறுத்துங்க" என்று நான் கத்தினேன். வேலாயி அக்காதான் ஸ்டூலைப் போட்டு ஏறி மாட்டினாள். இறங்கும்போது, "கோணலா இருக்கா தாயி?" என்று கேட்டாள்.

பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மகளுக்குத் தலைவாரும்போது சீப்பு பாதியில் நின்றுவிடும். "என் வாயி, என் பாழாப்போன வாயி" என்று உதட்டில் அடித்துக்கொள்வாள். ஒருநாள் அதை ஹயாஷி அம்மா பார்த்துவிட்டார். என்னவென்று என்னிடம் கேட்டார். விசாரணை, மறுப்பு, முடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னலின் நுனியை அனுமதி கேட்டுவிட்டு விரலில் எடுத்துப் பார்த்தார். தன் ஊரிலும் பிள்ளையின் முதல் முடியை வீசமாட்டார்கள், அதில் தூரிகை செய்து வைப்பார்கள் என்றார். ஒருமுறை கத்தி பட்ட முடியின் நுனி மொட்டையாகிவிடும். கத்தி படாத முடிதான் ஊசியாக முடியும். அந்த நுனி ஒரு மனிதருக்கு ஒரே தடவைதான் கிடைக்கும் என்றார்.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வேலாயி அக்கா மகளின் பின்னலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "சாமிக்குக் குடுக்க வேண்டிய முடியில மையத் தொட்டுக் கிறுக்கவா? நல்லாருக்கே ஞாயம்! ஜப்பான் அம்மாகிட்ட சொல்லு, இது அவங்களுக்கு இல்லன்னு."

நான் பாதியைத்தான் சொன்னேன். ஹயாஷி அம்மா மீதியையும் விளங்கிக்கொண்டு, எழுந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

1964 ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டில்லியில் கையொப்பம் வைத்தார்கள். எங்கள் சனங்களில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று நிலையத்து ரேடியோவில் சொன்னார்கள். யாரையும் கேட்கவில்லை. வேலாயி அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

"சிசிலி புள்ள, நம்ம பலகையில போட்டிருக்குன்னு நீ சொல்லுவியே, பரிமாத்தமோ என்னமோ. அது இதுதானா?" என்றாள்.

நான் ரேடியோவை நிறுத்தினேன்.

அடுத்த வருஷம் தையில் ஹயாஷி அம்மா நாடு திரும்பும் நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் வேலாயி அக்கா என்னிடம் வந்து, "ஞாயித்துக்கெழம நோர்வூட்டுக்கு வா தாயி. ஜப்பான் அம்மாவையும் கூட்டிட்டு வா. புள்ளைக்கு முடி எறக்கப்போறேன்" என்றாள்.

அவள் பிறந்த லயத்துக்குக் கீழே, ஆற்றோரத்து மரத்தடியில், மூன்று கல் நட்டு எண்ணெய் பூசிக் கும்பிடுகிற கருப்பன் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் கூடியிருந்தார்கள். லயத்துக்கு முடிவெட்ட வருகிற கந்தப்பன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அழகுமுத்துவின் அண்ணன் வீரய்யா குறுக்கே நின்றார்.

"கொலசாமிக்கு நேந்த முடி. இங்க எறக்குனா தெய்வக் குத்தமாயிரும். தம்பி இருந்தா சம்மதிப்பானா?"

வேலாயி அக்கா அதுவரை ஆண்பிள்ளை யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினாள். "ஏன் மச்சான், நம்ம பாட்டனுங்க பொட்டியத் தூக்கிக்கிட்டு இந்த மலைக்கு வந்தப்ப, சாமி மட்டும் நான் வரலன்னு அங்கயே உக்காந்துருச்சாக்கும்? அந்தா, எம் ரெண்டு புள்ளைங்க அங்கதான் பொதஞ்சு கெடக்கு. எடுத்துக்கிட்ட சாமியும் இங்கதான் இருக்கு. இவளத் தங்க வச்ச சாமியும் இங்கதான் இருக்கு. சாமி அங்க இருக்குன்னு என் வாயாலதான சொல்லிக் கெடுத்தேன்? அதே வாயால இப்பச் சொல்றேன், இங்கதான் இருக்கு. குத்தம்னா எனக்கு வரட்டும்."

வீரய்யா வீரம்மாவைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற? வயசுப் புள்ள, மொட்டையோட திரிவியா?"

"எறக்கட்டும் பெரியப்பா. பொறந்ததுலருந்து சுமக்கிறேன். கழுத்து வலிக்குது" என்றாள் வீரம்மா.

அவர் விலகி நின்றார். கந்தப்பன் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். பதினேழு வருஷத்து முடி மடியில் விழுந்தது. அந்தப் பிள்ளை கண்ணை மூடவே இல்லை; நேரே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசினார்கள். சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது.

முடியைக் கல்லின் முன்னால் வைத்துக் கும்பிட்டு, வேலாயி அக்காவே ஆற்றில் விட்டாள். ஆனால் விடுமுன் ஒரு கொத்தை நுனியோடு எடுத்து, பின்னலில் இருந்த அந்த மஞ்சள் துணியில் முடிந்தாள். ஹயாஷி அம்மாவிடம் வந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சாமி பங்க சாமிக்குக் குடுத்தாச்சு. இது அவ பங்கு. இத நீங்க ஒங்க ஊருக்குக் கொண்டு போங்கம்மா. எம் புள்ளைக்குத்தான் கடதாசி இல்லன்னுட்டாங்க. முடிக்குக் கடதாசி கேக்க மாட்டாங்கள்ல?"

ஒருவர் பேச்சை மற்றவர் மொழியில் சொல்வது என் வேலை. அன்று நான் அதைச் செய்யவில்லை. ஹயாஷி அம்மா என்னைப் பார்த்தார், வேலாயி அக்காவைப் பார்த்தார், முடிச்சை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நான் வழியில், பஸ்ஸில் வரும்போதுதான் சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகு ஹட்டன் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு பார்சல் வந்தது. இரண்டு தூரிகை செய்ததாகவும், ஒன்றைத் தன் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் வீரம்மாவின் பெயரோடு வைத்திருப்பதாகவும், மற்றது இது என்றும் ஹயாஷி அம்மா எழுதியிருந்தார். மூங்கில் காம்பு. கறுத்த முடி, நுனி ஊசி போல. வீரம்மாவுக்குக் காதை மூடும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது அப்போது. அவள் தூரிகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

வேலாயி அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுங்கத்துக்காக ஒட்டிய சின்னச் சீட்டு ஒன்று அதில் இருந்தது.

"இதுல என்ன தாயி எழுதியிருக்கு?"

"ஜப்பானில் செய்யப்பட்டதுன்னு போட்டிருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் சீட்டின் மேல் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, பிள்ளை மாதிரிக் கேட்டாள்: "முடி நோர்வூட்டுல வளந்ததுன்னு ஒரு எடத்துலயும் போடலியா?"

வீரம்மா பெட்டியை வாங்கி, சீட்டு மேலே தெரியும்படி திருப்பி வைத்தாள். மைக்கல்லை இழுத்து வைத்து, தண்ணீர் விட்டு, மை அரைக்க உட்கார்ந்தாள்.